அமுதவல்லியின் முதல் கை

1

இந்தக் கதை என் மூளையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் நான் எழுதுவதை முதலில் படிப்பவள் என் மனைவி நிர்மலாதேவி. பொய் சொன்னால் தலையில் குட்டுவாள். ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு பழைய காரோடு இலவச இணைப்பாக வந்தது.

போன ஆவணியில் தர்மபுரியில் அந்தக் காரை வாங்கினோம். காரிமங்கலத்துக்கு நானே ஓட்டி வருவதாக இருந்தேன்.

"நீங்களா?" என்றாள் நிர்மலா. அந்த ஒரு சொல்லில் எங்கள் கல்யாண வாழ்க்கை மொத்தமும் அடக்கம். "வேண்டாம் சாமி. முதல் கை அமுதவல்லியோடதா இருக்கட்டும். எங்க பெரியம்மா வூட்டுக் கார அவங்கதான் எடுத்தாங்க. அந்த வருசமே போர்வெல்ல தண்ணி வந்துச்சு."

(முதல் கை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: எங்கள் பக்கத்தில் சில குடும்பங்கள் கார் வாங்கினால், கைராசிக்காரர் ஒருவரை அழைத்துத்தான் முதலில் ஓட்டச் சொல்வார்கள். கோயில் வாசலில் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அவர் ஏறி உட்கார்ந்து நசுக்கி, வீடு வரைக்கும் ஓட்டி வந்து, சாவியைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். இதற்கு இரண்டு சட்டம். கைராசிக்காரர் கூலி வாங்கக் கூடாது, ஒரு தேங்காயும் ரவிக்கைத் துணியும்தான். இரண்டாவது, அந்தக் காரை அவர் மறுபடி ஓட்டவே கூடாது. மறுபடி அதே கை பட்டால் கொடுத்த ராசியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுமாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் போர் வறண்டு கிடக்கிற ஊரில் இதை உரக்கச் சொல்ல மாட்டேன்.)

அப்படித்தான் அமுதவல்லி எங்கள் காரில் ஏறினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கடத்தூருக்குப் பக்கத்துக் கிராமம். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருத்தி, ஸ்டியரிங்கை ஒரு நொடி சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் சாவியைத் திருப்பினாள்.

பைபாஸ் தாண்டியதும் கேட்டாள்: "சார் கதை எழுதுவீங்களாமே?"

"ஏதோ, கொஞ்சம்."

"என்னையப் பத்தி ஒன்னு எழுதறீங்களா? நான் ஒரு வேலைக்குப் போறதா வேண்டாமான்னு தெரியாம கெடக்கறேன். கடைசில போனேனா, இருந்துட்டேனான்னு நீங்களே எழுதிடுங்க. நீங்க என்ன எழுதறீங்களோ, அதயே செஞ்சுடறேன்."

"விளையாடறீங்களா?"

"ஸ்டியரிங்கப் புடிச்சிக்கினு நான் வெளையாட மாட்டேங்க" என்றாள்.

பின் சீட்டிலிருந்து நிர்மலா என் முதுகில் ஒரு விரலால் குத்தினாள். மாட்டிக்கொண்டீர்களா என்று அர்த்தம்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

அமுதவல்லிக்குச் சிறு வயதிலிருந்தே கார் என்றால் உயிர்.

(அடித்துவிட்டேன். யாருக்குத்தான் ஏதோ ஒன்று உயிராக இல்லை? என் மச்சானுக்குப் புரோட்டா உயிர்.)

இரண்டாம் முயற்சி:

சாம்பல் நிற விடியலில் நெடுஞ்சாலை ஒரு

(இதற்கு மேல் போகவில்லை. "நெடுஞ்சாலை ஒரு என்னா? பாம்பா?" என்றாள் நிர்மலா. "ரோடுன்னாலே எல்லாருக்கும் பாம்புதான் வருது." பாம்பைத்தான் எழுதுவதாக இருந்தேன்.)

மூன்றாம் முயற்சி. இது நிற்கும் என்று நினைக்கிறேன்:

3

பால் சொசைட்டியில் காலை நேரத்தில் அமுதவல்லிக்குத் தலை நிமிர நேரமிருக்காது. கேனைத் திறப்பதும், பாலை எடுத்துப் பார்ப்பதும், "என்ன பெரிம்மா, ராத்திரி மழையா உங்க வூட்டுல மட்டும்?" என்று தண்ணீர் கலந்தவர்களைக் கிண்டல் செய்வதுமாகவே போகும். ஆனால் சாலையில் ஒரு கார் போனால் அவள் கை ஒரு கணம் நிற்கும். நிமிராமலே அது என்ன கார், எந்த கியரில் போகிறது, யார் ஓட்டுகிறார் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். "வாத்தியார் இன்னைக்கும் செகண்டுலயே போறாரு" என்று முனகிக்கொள்வாள். அந்த இன்ஜினுக்காக அவளுக்கு வயிறு எரியும்.

கார் ஓட்டக் கற்றது ஒரு விபத்து. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தவன் அவள் அண்ணன். கிளட்சைக் கண்டு பயந்து பாதியில் நின்றுவிட்டான். கட்டிய பணம் வீணாகக் கூடாதென்று அம்மா இவளை அனுப்பினாள். பெண்பிள்ளை கற்று என்ன செய்யப் போகிறாள் என்று யாரும் யோசிக்கவில்லை. பணம் வீணாகக் கூடாது, அவ்வளவுதான். முதல் நாள் கார் தன் காலுக்குக் கீழே அசைந்தபோது அமுதவல்லிக்கு அழுகை வந்துவிட்டது. சொல்லிக்கொடுத்தவர் பயத்தில் அழுவதாக நினைத்து பிரேக்கை அழுத்தினார்.

பிறகு சித்தப்பா கார் வாங்கினார். ஓட்ட ஆளில்லாததால் இவள்தான் தர்மபுரியிலிருந்து ஓட்டி வந்தாள். அந்த மாதமே சித்தப்பா மகளுக்கு வரன் தகைந்தது, தோட்டத்து போரில் தண்ணீரும் வந்தது. போதாதா? பேர் பரவிவிட்டது. கடத்தூர், பொம்மிடி, மொரப்பூர் என்று அழைப்பு வந்தது. சனி, ஞாயிறு என்றால் யாராவது ஒருவர் வீட்டுக் கார் அவளுக்காகக் கோயில் வாசலில் காத்திருக்கும்.

எத்தனை விதமான கார்! பிளாஸ்டிக் உறை பிரிக்காத சீட்டு, யார் கையும் படாத கியர், புதுசு வாசம். இவளை ஏற்றிக்கொண்டு அது முதல்முதலாகச் சாலையில் இறங்கும். கொஞ்சம் பழகும். இன்னும் கொஞ்சம் தூரம் போனால் அதன் சுபாவம் பிடிபட்டுவிடும் என்கிற நேரத்தில் வீடு வந்துவிடும். ஆரத்தி, தாம்பாளம். சாவியை வைத்துவிட்டு இறங்க வேண்டும். தேங்காயும் துணியும் வாங்கிக்கொண்டு, யாராவது பைக்கில் கொண்டுவந்து விட, பஸ் ஏறி வீட்டுக்கு வர வேண்டும்.

பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் அவள் வலது கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டே வரும்.

வீட்டில் அவள் கணவன் மாதவராஜ் தேங்காயை வாங்கிக் குலுக்கிப் பார்ப்பான். மரவள்ளி விவசாயம் செய்கிறவன். "ஊருல இருக்கற காரெல்லாம் ஓட்டற. நம்ம வூட்டுல ஒரு டயராவது இருக்குதா? தேங்காச் சட்னிக்குத்தான் பஞ்சமில்ல."

"நான் ஓட்டறப்ப ஒரு தடவ கூட வந்து உக்கார மாட்டேங்கறீங்க."

"உக்காந்தா என்ன ஆவும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். மாதவராஜுக்குக் கார் ஆகாது. ஏறிய கொஞ்ச நேரத்தில் குமட்டிக்கொண்டு வரும். தர்மபுரி போவதென்றாலும் பஸ்ஸில் முன் சீட்டில், மூக்கருகே எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டுதான் போவான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவி கார் ஓட்டி அவன் பார்த்ததே இல்லை.

(மாதவராஜ் மேல் எனக்குச் சந்தேகம். கதைகளில் வருகிற கணவன் ஒன்று அரக்கனாக இருப்பான், இல்லை தெய்வமாக இருப்பான். இவன் இரண்டிலும் சேரவில்லை. மனைவியைத் தடுக்கவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை. வாந்தி எடுக்கிறான். இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முதல் வரைவில் சவூதிக்கு அனுப்பிவிட்டேன். அப்புறம் மனசு கேட்காமல் திரும்ப அழைத்துக்கொண்டேன்.)

4

தர்மபுரி பைபாஸில் அன்வர் பாஷாவுக்குப் பழைய கார் வாங்கி விற்கிற யார்டு இருக்கிறது. எங்கள் காரும் அங்கே வாங்கியதுதான். யார்டை ஒட்டிய கோயில் வாசலில் முதல் கைக்கு வருகிற அமுதவல்லி, கிளம்பும் முன் காரைச் சுற்றி வந்து விரல் கணுவால் கதவைத் தட்டிப் பார்ப்பதை அவர் பல தடவை கவனித்திருக்கிறார். ஒரு நாள் அவளை நிறுத்தினார்.

"என்னம்மா தட்டற? பலாப்பழமா அது?"

"இந்தக் கதவு அடி வாங்கி, பட்டி பாத்து பெயின்ட் அடிச்சது பாய். சத்தம் மொத்தமா வருது. வாங்கறவங்க கிட்டச் சொல்லிட்டீங்களா?"

அன்வர் பாஷா சிரித்துவிட்டார். சொல்லியிருந்தார், ஆனால் அவருக்கே அதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவைப்பட்டது.

"தங்கச்சி, எதுக்கு இப்பிடி ஒரொரு நாளா வந்து ஓட்டிட்டுப் போற? முழுசா வந்துடு. வர்ற வண்டிய ஓட்டிப் பாத்து எடுக்கறது நீ, விக்கறது நான். யார்டு சாவி பூரா உன் கையில. நாள் முச்சூடும் ஓட்டு, எவன் கேக்கறான்?"

நாள் முழுக்க ஓட்டலாம்.

"சம்பளம் வாங்குனா ராசி போயிரும்னு சொல்லுவாங்க பாய். அப்பறம் ஒருத்தரும் முதல் கைக்குக் கூப்பிட மாட்டாங்க."

"அது நெசந்தான். புதுசு உனக்குக் கெடைக்காது. நம்ம கிட்ட வர்றதெல்லாம் நாலு பேரு ஓட்டிச் சலிச்ச வண்டி." அன்வர் பாஷா ஒளிக்கவில்லை. "பொங்கலுக்குள்ள சொல்லிடு. இல்லன்னா நான் வேற ஆளப் பாக்கணும்."

அதே பொங்கலுக்குள்தான் சொசைட்டியில் அவள் வேலை பர்மனென்ட் ஆகப்போகிறதென்று பேச்சு. விட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காது.

இவ்வளவுதான் விஷயம், வாசகரே. கேட்க எளிதாக இருக்கிறது. நான் எழுத உட்கார்ந்த பிறகு அதே கேள்வி எழுந்து என் பக்கம் திரும்பிக்கொண்டது.

பிடித்ததையே தொழிலாக்கிக்கொள் என்று மேடையில் பேசுகிறார்கள். கைதட்டு வாங்குகிறார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. ஓர் அலுவலகத்தில் கோப்பு நகர்த்திவிட்டு, மிச்ச நேரத்தில் எழுதுகிறேன். அதனால் எழுத்து எனக்கு இன்னும் சலிக்கவில்லை. அதனாலேயே அது என்னிடம் முழுசாக வந்ததும் இல்லை. இப்போது அமுதவல்லியைச் சொசைட்டியிலேயே இருக்கச் சொல்லி எழுதினால், அது என்னை நானே நியாயப்படுத்திக்கொள்வது. போகச் சொல்லி எழுதினால், நான் வாழாத வாழ்க்கையை அவள் தலையில் கட்டுவது. ரெண்டும் அயோக்கியத்தனம். இதில் ஒன்றை அவள் அப்படியே செய்துவிடுவேன் என்று வேறு சொல்லியிருக்கிறாள்.

5

யார்டில் ஒரு காட்சி தேவைப்பட்டது. எழுதினேன்:

யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு அமுதவல்லி வெளியே வந்தாள். வரிசையின் கடைசியில் சிவப்புக் கார் ஒன்று நின்றது. அவள் கால் தானாக நின்றுவிட்டது. எண்ணைப் பார்க்கவே தேவையில்லை. அவள் முதல் கை வைத்த கார் அது. பொம்மிடியில் ஒரு குடும்பத்துக்கு ஓட்டிக்கொண்டு போனது. அன்று அதன் மூக்கில் சந்தனம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். இன்று முன் பம்பரில் கீறல். பின் கண்ணாடியில் குழந்தை ஒட்டிய பொம்மை ஸ்டிக்கர், பாதி கிழிந்து நின்றது. மகன் வெளிநாடு போய்விட்டான், ஓட்ட ஆளில்லை என்று கொடுத்துவிட்டார்களாம்.

கதவைத் திறந்து உட்கார்ந்தாள். புதுசு வாசம் போய், யார் யாருடையவோ வாசம் இருந்தது. சாவி அதிலேயே தொங்கியது. கையைக் கொண்டுபோனாள். இரண்டாம் தடவை ஓட்டக் கூடாது என்பது ஞாபகம் வந்தது. கையை எடுத்துக்கொண்டு, ஸ்டியரிங்கில் தலை சாய்த்து

(இங்கே அழவிடலாமா என்று யோசித்து, அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன். இது நடந்ததல்ல. நான் கற்பித்தது. கொஞ்சம் அதிகப்படிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இந்த மாவட்டத்துக் கார்கள் என்றைக்காவது ஒரு நாள் அன்வர் பாஷா யார்டுக்கு வரத்தானே வேண்டும்?)

6

முடிவு ஒன்று. போனாள். யார்டு சாவியெல்லாம் அவள் இடுப்பில். தினம் ஒரு கார், சில நாள் நாலு. முதல் கைக்கு அழைப்பு நின்றது. ஒரு வருஷம் போனது. கார் சத்தம் கேட்டால் அவள் கை நிற்பதில்லை. விலை என்ன தேறும் என்றுதான் முதலில்

(நிறுத்திவிட்டேன். இதை அவளிடம் எப்படிக் கொடுப்பேன்?)

முடிவு இரண்டு. இருந்துவிட்டாள். வேலை பர்மனென்ட் ஆனது. மாதவராஜ் ஊருக்கே டீ வாங்கிக் கொடுத்தான். தை பிறந்தது. சொசைட்டி வாசலில் கார்கள் போயின. வாத்தியார் செகண்டிலேயே போனார். அமுதவல்லி கேனைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

இதைப் படித்துவிட்டு நிர்மலா தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வெகு நேரம் பாத்திரச் சத்தமே வரவில்லை.

முடிவு மூன்று. இரண்டையும் பார்த்தாள். காலையில் பால், மதியம் கார், ஞாயிற்றுக்கிழமை முதல் கை, எல்லோரும் நலம்.

"இது கதையா, சுயதொழில் முகாம் நோட்டீஸா?" என்றாள் நிர்மலா.

7

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களே வந்துவிட்டார்கள். மாதவராஜை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஒல்லி, கூச்சம், சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழம். பஸ்ஸில் வந்திருக்கிறார்கள்.

"பொங்கல் வருதுங்க சார்" என்றாள் அமுதவல்லி.

எழுதியிருந்ததைக் கொடுத்தேன். கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் படித்தாள். படித்து முடித்த தாளை மாதவராஜ் வாங்கிக்கொண்டான். சவூதிக்குப் போனது அவனுக்குப் பிடித்திருந்தது போலும், சிரித்தான். ஐந்தாம் பகுதியில் அமுதவல்லி நின்றுவிட்டாள்.

"இத யாரு சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லலைங்க. நானா எழுதினது."

"அது செகப்பு இல்ல" என்றாள். "நீலம்."

நான் எழுந்து அவள் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தேன்.

"ஐப்பசில பாய் வரச் சொல்லியிருந்தாரு, யார்டப் பாத்துட்டுப் போன்னு. அங்க நின்னுச்சு. நான் அழுவல. ஓட்டினேன்."

மாதவராஜ் தாளிலிருந்து தலையைத் தூக்கினான். அவனுக்கும் இது புதுச் செய்தி என்று தெரிந்தது.

"ரெண்டாவது தடவையா?" என்றாள் நிர்மலா, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு.

"ஆமாங்க. வித்துட்டுப் போனவங்களுக்கு இனிமே ராசி என்னாத்துக்குன்னு நெனச்சேன். யார்டுக்குள்ளயே ரெண்டு சுத்து. அந்த வண்டியோட சத்தம் ஒன்னொன்னும் எனக்கு ஞாபகம் இருக்குதுங்க. அதுக்கும் என்னை ஞாபகம் இருக்கும்னு ஒரு நெனப்பு. பைத்தியக்காரி! ஒன்னும் இல்ல. கிளட்ச் கெட்டியாயிருச்சு, கதவு முனகுது, யாரோ வளத்த புள்ள மாதிரி இருக்குது. அப்பத்தான் எனக்கு ஆத்தாமையா வந்துச்சு. கோயில்லருந்து வூடு வரைக்குந்தான் நான் ஓட்டியிருக்கறேன். அதுக்கப்பறம் இந்த வண்டி எங்கெங்க போச்சு, யார ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போச்சு, யாரு இதுல உக்காந்து சண்ட போட்டாங்க, எதுவுமே எனக்குத் தெரியாது. இத்தன வருசமா எல்லா வண்டியும் ஆரம்பத்துலயே எறக்கி வுட்டுட்டுப் போயிருச்சுங்க. மொதல்ல புதுசு வாசந்தான் எனக்குப் புடிச்சதுன்னு நெனச்சிருந்தேன். ரெண்டாவது சுத்து வர்றப்ப..."

முடிக்கவில்லை. என்னுடைய அறுந்த வாக்கியங்களைப் போல அதுவும் அங்கேயே கிடந்தது. நானும் அதை முடித்து எழுதவில்லை.

கடைசித் தாளைப் புரட்டிப் பார்த்தாள். "மூனு முடிவு எழுதி மூனையும் அடிச்சு வெச்சிருக்கறீங்க. நல்ல ஆளு சார் நீங்க. பாதி வழியில எறக்கி வுட்டுட்டீங்களே."

"என்னால முடியலைங்க. நான் எழுதறத நீங்க செஞ்சுட்டா?"

"அதுக்குத்தான கேட்டேன்." அவள் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாமயா இருக்குது? தெரியுது, அதான் பயமா இருக்குது. நீங்க எழுதிட்டீங்கன்னா, நாளைக்குத் தப்பாப் போனாலும் அந்த எழுத்துக்காரன்தான் காரணம்னு உங்களத் திட்டிக்கலாம்னு பாத்தேன்."

தாள்களை அடுக்கி என்னிடம் நீட்டினாள். பிறகு அவள் நிர்மலாவைப் பார்த்துக் கேட்டாள்: "அக்கா, உங்க கார ஒரு தடவ குடுக்கறீங்களா? ரெண்டாவது தடவதான். தெரிஞ்சுதான் கேக்கறேன். சாயங்காலம் கொண்டாந்து விட்டுடறேன்."

எங்கள் வீட்டில் ராசியை நம்புகிறவள் நிர்மலா ஒருத்திதான். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து வந்து அமுதவல்லியின் கையில் வைத்தாள். தாம்பாளம் இல்லை, வெற்றிலை இல்லை.

"ராசிய எடுத்துட்டுப் போனா போவட்டும்" என்றாள். "எங்களுக்கு இருக்கறது போதும்."

அமுதவல்லி சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருத்தினாள். அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. மாதவராஜ் ஏறி உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

அவள் திகைத்துப்போய்ப் பார்த்தாள். "நீங்க என்னாத்துக்கு? பஸ்ல போய்ச் சேருங்க. வாந்தி வரும்."

"நீ ஓட்டு" என்றான் மாதவராஜ், நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு. "வந்தா நான் பாத்துக்கறேன்."

8

தெருமுனையில் யார்டு இருக்கிற தர்மபுரிக்கு ஒரு பக்கம், மொரப்பூர் வழியாக அவர்கள் ஊர் இருக்கிற கடத்தூருக்கு இன்னொரு பக்கம். காரின் எந்தப் பக்கத்து விளக்கு மினுக்குகிறது என்று பார்த்துவிடுவேனோ என்று பயந்து, கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

இருட்டுவதற்குள் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். மாதவராஜின் முகம் வெளுத்திருந்தது, ஆனால் நேராக நின்றான். அமுதவல்லியின் கண் சிவந்திருந்தது. எங்கே போனீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். நிர்மலா என் காலை மிதித்தாள். அவர்கள் காபி குடித்துவிட்டு பஸ் பிடிக்கப் போனார்கள். மறுநாள் கார் கதவைத் திறந்தால், முன் சீட்டில் அந்த எலுமிச்சம்பழம் இருந்தது. தோலெல்லாம் நகக்குறி.

இப்போது ஒரு சங்கடம். அவர்கள் வந்த அன்று காலையில்தான் பெட்ரோல் போட்டபோது மீட்டரைப் பார்த்தேன், எண் மனசில் நிற்கிறது. சாவியைத் திருப்பினால் போதும், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று காட்டிவிடும். தர்மபுரிக்கு எவ்வளவு, கடத்தூருக்கு எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். கதையின் முடிவு எங்கள் வாசலில் உறை போர்த்திக்கொண்டு நிற்கிறது.

நான் சாவியைத் திருப்பவில்லை. பொங்கலும் வந்து போய்விட்டது. யார்டுப் பக்கம் போகவில்லை, சொசைட்டிப் பக்கமும் போகவில்லை. தெரிந்துகொண்டால் எழுதிவிடுவேன், எழுதினால் அது என் முடிவாகிவிடும். அவள் அதை முதல்முதலாகத் தன் கையால் எடுத்திருக்கிறாள். உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் காரிமங்கலத்துக்கு வாருங்கள். சாவி ஆணியில்தான் தொங்குகிறது, நிர்மலா கொடுப்பாள். பார்த்துவிட்டு என்னிடம் சொல்லாமல் போய்விடுங்கள்.

நான் அலுவலகத்துக்கு பஸ்ஸில்தான் போய் வருகிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறேன். நேற்றுத்தான் கவனித்தேன், என் வலது கால் எதையோ அழுத்திக்கொண்டே வருகிறது.